வலைக்குள் கைவிட்டு அழுத ரஷீதி யெகினி ஏன் பெரிய கிளப்புக்குப் போகவில்லை?

கேள்வி இது: 1994 உலகக் கோப்பையில் கோல் அடித்துவிட்டு, கோல்போஸ்ட் வலைக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு கதறிய நைஜீரிய வீரர் யார்? அவ்வளவு பெரிய ஸ்ட்ரைக்கர் என்றால் ஐரோப்பாவின் பெரிய கிளப் எதிலும் ஏன் அவர் பெயரைக் காணோம்?

அவர் பெயர் ரஷீதி யெகினி. நைஜீரியாவுக்காக 37 கோல் அடித்தவர். இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்: ஐரோப்பாவுக்கு வரும்போதே அவருக்குக் கிட்டத்தட்ட 27 வயது. உச்சத்தைத் தொட்டபோது 30 தாண்டிவிட்டது. அந்த நேரத்தில் வெளிநாட்டு வீரர்களுக்கான இடம் ஒவ்வொரு அணியிலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தது. கடைசியாகப் பெரிய வாய்ப்பு என்று ஒன்று வந்தபோது, போன இடம் அவருக்கு ஒத்துவரவில்லை. திறமைக் குறைவு இதில் எங்கேயும் இல்லை. இதை விரிவாகச் சொன்னால்தான் அந்த அழுகையும் புரியும்.

முதலில் அந்த அழுகை. 1994 ஜூன் 21, டல்லாஸ் நகரின் காட்டன் பௌல் மைதானம். எதிரணி பல்கேரியா. 21-வது நிமிடம் வலது பக்கத்திலிருந்து ஃபினிடி ஜார்ஜ் அனுப்பிய பந்தைக் கிட்டத்திலிருந்து யெகினி உள்ளே தட்டினார். கோல் என்று பார்த்தால் மிகச் சாதாரணமான கோல். ஆனால் அது உலகக் கோப்பையில் நைஜீரியா அடித்த முதல் கோல். அந்த நாடு உலகக் கோப்பைக்கு வந்ததே அப்போதுதான்.

அங்கே வந்து சேர நைஜீரியா பட்ட பாடு கொஞ்சம் இல்லை. 1978 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில், 1977-ல் லாகோஸில் துனீசியாவோடு ஆடியபோது, காட்வின் ஒடியே என்ற டிஃபெண்டர் தலையால் தட்டிய பந்து சொந்த கோலுக்குள்ளேயே போய்விட்டது. அந்த ஒரு கோலில் உலகக் கோப்பை கைநழுவியது. 1989-ல் நடந்தது அதைவிடக் கொடுமை. லாகோஸில் அங்கோலாவுக்கு எதிரான தகுதிச் சுற்று ஆட்டத்தில் சாமுவேல் ஒக்வராஜி மைதானத்திலேயே சுருண்டு விழுந்து இறந்தார். சட்டம் படித்தவர், நடுக்களத்தில் ஆடியவர், 25 வயது. சில நாட்கள் கழித்து கேமரூனில் போய் ஒரு கோலில் தோற்று, 1990 உலகக் கோப்பையும் போனது. 1993 அக்டோபரில் அல்ஜீரியாவோடு அல்ஜியர்ஸில் 1-1 என்று டிரா செய்துதான் நைஜீரியா தகுதி பெற்றது. அதுவும் எப்படி? ஐவரி கோஸ்ட்டும் நைஜீரியாவும் புள்ளிகளில் சமம். கோல் வித்தியாசம்தான் காப்பாற்றியது. அந்தத் தகுதிச் சுற்று முழுக்க நைஜீரியாவுக்காக அதிகம் கோல் அடித்துக்கொண்டிருந்தவர் யெகினி. வலையைப் பிடித்துக்கொண்டு கத்தியபோது அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அந்த வலைக்குப் பின்னால் 17 வருடக் கதை இருந்தது.

சரி, ஆரம்பத்துக்கு வருகிறேன். யெகினி 1963 அக்டோபரில் வடக்கு நைஜீரியாவின் கடூனா நகரில் பிறந்தார். குடும்பம் யொருபா இனத்தைச் சேர்ந்தது. பூர்வீகம் குவாரா மாநிலத்தில் உள்ள இரா என்ற ஊர். கடூனா நெசவாலைகளுக்குப் பெயர்போன ஊர். அப்படி ஒரு பெரிய நெசவாலையின் அணியில்தான் அவர் ஆட்டம் தொடங்கியது. அங்கிருந்து இபாடானின் ஷூட்டிங் ஸ்டார்ஸ். 1984-ல் அந்த கிளப் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போய் எகிப்தின் ஜமாலெக் அணியிடம் தோற்றது. அப்புறம் அபெயோகுட்டாவின் அபியோலா பேப்ஸ். பெரும் தொழிலதிபர் எம்.கே.ஓ. அபியோலாவின் கிளப் அது.

அந்தக் காலத்தில் நைஜீரியாவில் தொழில்முறை லீக் என்று ஒன்று இல்லை. 1990-ல்தான் அது வந்தது. 1980-களின் நடுவில் நைஜீரியப் பணமான நைராவின் மதிப்பு சரிந்துகொண்டே போனது. பக்கத்திலேயே ஐவரி கோஸ்ட்டின் அபிஜான்; அங்கே ஃபிராங்க், ஒழுங்கான சம்பளம், பிரான்ஸோடு தொடர்பு. ஸ்டீபன் கேஷி நைஜீரிய கால்பந்து சங்கத்தால் தடை செய்யப்பட்டு அபிஜானுக்குப் போய், அங்கிருந்து பெல்ஜியம் போனது பலருக்கு ஒரு தடத்தைக் காட்டியது. பின்னாளில் 1994 அணியின் கேப்டன் அதே கேஷிதான். யெகினி 1987-ல் அபிஜானின் ஆஃப்ரிகா ஸ்போர்ட்ஸ் கிளப்பில் சேர்ந்தார். மூன்று வருடம் ஆடினார். ஐரோப்பாவின் கண்ணில் படாமல் கழிந்த மூன்று வருடம்.

இந்த இடத்தில் ஒரு ஒப்பீடு அவசியம். லைபீரியாவின் ஜார்ஜ் வேயா, யெகினியைவிட மூன்று வயது இளையவர். 1988-ல், 22 வயதுக்குள், ஆர்சென் வெங்கர் பயிற்சியாளராக இருந்த மொனாக்கோ கிளப்புக்குப் போய்விட்டார். யெகினி 1990-ல் போர்ச்சுகல் போய்ச் சேர்ந்தபோது வயது 26 முடியப்போகிறது. ஸ்ட்ரைக்கருக்கு 22-லிருந்து 26 வரையிலான காலம் எவ்வளவு முக்கியம் என்று கால்பந்து பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய கிளப்கள் ஆள் எடுப்பதே அந்த வயதில்தான். 30 வயதுக்காரர் எவ்வளவு அடித்தாலும், ‘இன்னும் எத்தனை சீசன் தாங்குவார்’ என்றுதான் கணக்குப் போடுவார்கள்.

அவர் போன இடம் செதூபல். லிஸ்பனுக்குத் தெற்கே, மீன்பிடிப்பும் துறைமுகமும் கொண்ட ஊர். யெகினி பிறந்த அதே 1963-ல், பின்னாளில் பயிற்சியாளராகப் புகழ்பெற்ற ஜோசே மொரின்யோ பிறந்ததும் இங்கேதான். கிளப்பின் பெயர் விதோரியா. பச்சை-வெள்ளைப் பட்டை ஜெர்சி. நைஜீரியக் கொடியின் நிறமும் அதுவே. பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெரிய கிளப்களின் நிழலில் வாழும் நடுத்தர அணி. போன முதல் சீசனிலேயே அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. இன்னொருவராக இருந்தால் வேறு இடம் தேடியிருப்பார். யெகினி தங்கினார். இரண்டு வருடம் இரண்டாம் டிவிஷனில் ஆடினார். 1992-93 சீசனில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட கோல்கள் அடித்து அணியை மேலே கொண்டுவந்தார்.

மேலே வந்த உடனே, 1993-94 சீசனில், போர்ச்சுகல் முதல் டிவிஷனில் 21 கோல். லீக்கிலேயே அதிகம். அந்த வருடம் சாம்பியன் பென்ஃபிகா. ஆனால் கோல் பட்டியலின் உச்சியில் இருந்தவர், அப்போதுதான் மேலே வந்த ஒரு சின்ன ஊர் கிளப்பின் நைஜீரியர். என் கணக்கில் அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய சாதனை இதுதான். உலகக் கோப்பை கோலைவிட இதைப் பெரிதாக நினைக்கிறேன். பெரிய அணியில் ஆடுபவருக்கு ஒரு ஆட்டத்தில் ஏழெட்டு வாய்ப்பு வரும். இப்படிப்பட்ட அணியில் இரண்டோ மூன்றோ வந்தால் அதிகம். அதில் 21 கோல் எடுப்பதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

ஆட்டம் எப்படி இருக்கும் என்று கேட்டால், ஆள் சுமார் 190 சென்டிமீட்டர் உயரம், நீண்ட கால்கள், அகன்ற தோள். டிஃபெண்டர் முதுகில் சாய்ந்தாலும் அசைய மாட்டார். பந்தை அடிக்கும்போது கோல்கீப்பர் கையை வைத்தாலும் கையோடு சேர்த்து உள்ளே போகும்படியான அடி. நுணுக்கமான கால்வித்தை அவருடைய பாணி இல்லை. பந்து வந்தால் ஒரே யோசனை, எவ்வளவு சீக்கிரம் அடிக்கலாம் என்பதுதான். அதனால் அவருக்குப் பந்தைச் சரியான நேரத்தில் தருபவர்கள் கூட இருக்க வேண்டும். செதூபலில் அணியே அவருக்காக ஆடியது. நைஜீரிய அணியில் வலப்பக்கம் ஃபினிடி, இடப்பக்கம் எம்மானுவேல் அமுனிகே, கூடவே முட்டி மோத டேனியல் அமோகாச்சி. டச்சுப் பயிற்சியாளர் கிளெமென்ஸ் வெஸ்டர்ஹாஃப் அந்த அணியைக் கட்டியதே இரண்டு விங்கர்களும் நடுவில் இருக்கும் அந்த உயரமான மனிதருக்கு ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான். நைஜீரியர்கள் அவரை ‘கோல்ஸ்ஃபாதர்’ என்று அழைத்தார்கள்.

1993-ம் ஆண்டின் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. நைஜீரியர் ஒருவர் அதைப் பெறுவது அதுவே முதல் முறை.

1994 மார்ச், ஏப்ரலில் துனீசியாவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதற்கு முன் 1984, 1988, 1990 என்று மூன்று முறை நைஜீரியா இறுதி ஆட்டத்தில் தோற்றிருந்தது. மூன்று முறையும் யெகினி அணியில் இருந்தார். 1992-ல் மூன்றாம் இடம். அந்தத் தொடரில் அதிக கோல் அடித்தவர் அவர்தான். இப்படிப் பத்து வருடம் கோப்பையைத் தொடும் தூரத்தில் நின்றே திரும்பியவர், துனீசியாவில் 5 கோல் அடித்து மறுபடியும் முதலிடம் பிடித்தார். காலிறுதியில் ஜைரை (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) வென்றதும், அரையிறுதியில் ஐவரி கோஸ்ட்டோடு 2-2 ஆகிப் பெனால்டியில் தப்பியதும் அவர் கோல்களின் பலத்தில்தான்.

இறுதி ஆட்டத்தில் எதிரே ஜாம்பியா. முந்தைய வருடம் ஏப்ரலில் கபோன் கடற்கரைக்கு அருகே விமானம் விழுந்து அந்த நாட்டின் அணியே அழிந்துபோயிருந்தது. ஒரு வருடத்துக்குள் புதிதாக ஆட்களைச் சேர்த்து இறுதி ஆட்டத்துக்கே வந்திருந்தார்கள். நடுநிலையாகப் பார்த்த எல்லோருடைய மனமும் ஜாம்பியா பக்கம்தான் இருந்திருக்கும். என் மனமும் இன்றுவரை அந்த ஆட்டத்தில் இரண்டாகப் பிரிந்துதான் நிற்கிறது. ஜாம்பியா முதலில் அடித்தது. அமுனிகே இரண்டு கோல் போட்டு நைஜீரியாவை 2-1 என்று வெல்ல வைத்தார். யெகினிக்குக் கோப்பை ஒருவழியாகக் கிடைத்தது.

அடுத்து உலகக் கோப்பை. பல்கேரியாவை 3-0 என்று வென்றார்கள். அதே பல்கேரியா பிறகு ஜெர்மனியையே வெளியேற்றி நான்காம் இடம் வரை போனது. அர்ஜென்டினாவிடம் 1-2. கிரீஸை 2-0. குழுவில் முதலிடம். நாக்-அவுட்டில் இத்தாலியோடு 88-வது நிமிடம் வரை 1-0 முன்னிலை. ராபர்ட்டோ பாஜியோ அப்போது ஒன்று, கூடுதல் நேரத்தில் பெனால்டியில் ஒன்று. முடிந்தது. யெகினியின் கணக்கில் அந்த ஒரே கோல்தான் நின்றது.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம். லீக்கின் முதல் கோல்வேட்டைக்காரர், ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர், ஆப்பிரிக்கக் கோப்பையின் முதல் கோல்வேட்டைக்காரர், உலகக் கோப்பையில் கோல். எல்லாம் 12 மாதத்துக்குள். பிறகு ஏன் மிலானோ பார்சிலோனாவோ வரவில்லை?

ஒரு பெரிய காரணம் விதி. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் பாஸ்மன் தீர்ப்பு வரும்வரை ஐரோப்பிய கிளப் போட்டிகளில் ஓர் அணி மூன்று வெளிநாட்டு வீரர்களை இறக்கலாம். உள்ளூரில் சில வருடம் ஆடி வளர்ந்தவர்கள் என்றால் இன்னும் இருவர். இத்தாலியிலும் களத்தில் மூன்று பேர்தான். ஏசி மிலான் 1992-93-ல் குலிட், வான் பாஸ்டன், ரைகார்ட், பாப்பான், சவிசெவிச், போபன் என்று ஆறு பேரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் மூன்று பேரை வெளியே உட்காரவைத்தது. உலகத்தரமான வீரர்களுக்கே அந்த நிலை. அப்படிப்பட்ட மூன்று இடங்களில் ஒன்றை, சின்ன கிளப்பிலிருந்து வரும் 30 வயது ஆப்பிரிக்க ஸ்ட்ரைக்கருக்குக் கொடுக்க எந்த மேனேஜரும் பலமுறை யோசிப்பார். தீர்ப்புக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் வெளிநாட்டவர் கணக்கிலிருந்து விலகியதும்தான் மற்றவர்களுக்கு மெல்ல இடம் கிடைத்தது. அப்போது யெகினிக்கு 32.

இன்னொன்றும் இருக்கிறது. ஐரோப்பாவின் தங்கப் பந்து விருது அந்த நாளில் ஐரோப்பியர்களுக்கு மட்டும்தான். 1995-ல்தான் ஐரோப்பிய கிளப்பில் ஆடும் யாரும் பெறலாம் என்று மாற்றினார்கள். முதல் வருடமே வேயா வாங்கினார். யெகினியின் பொன்னான சீசன் அதற்கு ஒரு வருடம் முன்னால் முடிந்துவிட்டது. வாக்குச்சீட்டில் பெயர் எழுதக்கூட வழியில்லை. பெயர் பரவாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

உலகக் கோப்பை முடிந்ததும் அவர் கிரீஸின் ஒலிம்பியாகோஸுக்குப் போனார். கிரீஸில் அது மிகப் பெரிய கிளப். செதூபலோடு ஒப்பிட்டால் பல படி மேலே. ஆனால் அங்கே டிரெஸ்ஸிங் ரூமில் ஒத்துப்போகவில்லை. சில ஆட்டங்களே ஆடினார். செதூபலில் பந்து தேடி வரும், இங்கே வரவில்லை. பந்து வந்தால்தான் அவர் யெகினி. இயல்பிலேயே அதிகம் பேசாத, ஒதுங்கி இருக்கும் மனிதர் வேறு. அப்புறம் ஸ்பெயினின் ஸ்போர்ட்டிங் கிஹோன், அங்கும் நிலைக்கவில்லை. தன்னைத் தெரிந்த ஊரான செதூபலுக்கே திரும்ப வந்தார். ஆனால் பழைய கால் திரும்ப வரவில்லை. பிறகு சுவிட்சர்லாந்தின் சூரிச் கிளப்பில் மறுபடி கோல்கள் அடித்து, அதன் பலத்தில் 1998 உலகக் கோப்பை அணிக்குள் வந்தார். 34 வயது. அணி டென்மார்க்கிடம் 1-4 என்று தோற்று வெளியேறியது. அந்தத் தொடரில் அவர் கோல் எதுவும் அடிக்கவில்லை.

இடையில் 1996 ஆப்பிரிக்கக் கோப்பை இருந்தது. நடப்புச் சாம்பியன் நைஜீரியா. ஆனால் 1995 நவம்பரில் எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் வேறு எட்டுப் பேரையும் நைஜீரிய சர்வாதிகாரி அபாச்சாவின் ராணுவ அரசு தூக்கிலிட்டது. நெல்சன் மண்டேலா கடுமையாகக் கண்டித்தார். போட்டி நடப்பது தென்னாப்பிரிக்காவில். அபாச்சா அரசு அணியை அனுப்ப மறுத்தது. அதற்குத் தண்டனையாக 1998 கோப்பையிலிருந்தும் நைஜீரியா விலக்கப்பட்டது. யெகினியின் தலைமுறை தங்கள் கோப்பையைக் காத்துக்கொள்ள களம் இறங்கவே முடியவில்லை. அதே 1996-ல் ஒலிம்பிக் தங்கம் வென்ற நைஜீரிய அணியில் யெகினி இருந்ததாகச் சிலர் சொல்வார்கள். இல்லை. அது பெரும்பாலும் 23 வயதுக்குட்பட்டோர் அணி. நுவான்குவோ கானுவின் அணி.

கடைசிப் பகுதி வேகமாகப் போகும். துனீசியாவில் பிஜர்ட், சவூதியில் ஒரு கிளப், மறுபடி அபிஜானின் அதே ஆஃப்ரிகா ஸ்போர்ட்ஸ், பிறகு நைஜீரியா. 2005-ல் 41 வயதில் கேட்வே கிளப்புக்காகவும் கொஞ்ச நாள் ஆடினார்.

அதன் பிறகு இபாடானில் தனியாக வாழ்ந்தார். யாரையும் அதிகம் பார்ப்பதில்லை, பத்திரிகைகளிடம் பேசுவதில்லை. மனநலம் பாதிக்கப்பட்டிருந்தார் என்று நைஜீரியப் பத்திரிகைகள் எழுதின. 2012 மே 4 அன்று இறந்தார். வயது 48. இராவில் அடக்கம் செய்தார்கள். நாடே அவரைக் கொண்டாடிய வருடங்களுக்கும் அந்தக் கடைசி வருடங்களுக்கும் நடுவில், ஆடி முடித்த வீரரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடும் இல்லை. பென்ஷன் இல்லை, மருத்துவக் கவனிப்பு இல்லை, போய்ப் பார்த்துவர ஓர் அமைப்பு இல்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்த வலைப் படத்தை ஒவ்வொரு உலகக் கோப்பைக்கும் எடுத்துப் போடுகிறார்கள். அந்த மனிதரை அந்தப் படத்துக்கு வெளியே வைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

நைஜீரியாவின் சிறந்த ஸ்ட்ரைக்கர் இவர்தானா என்று அடுத்து கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கானு மேலான கலைஞர், அதில் சந்தேகமில்லை. ஆனால் கோல் அடிப்பது மட்டும் என்றால் என் பதில் யெகினி. விக்டர் ஒசிமென் 2023-ல் நாப்போலிக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்து, இத்தாலிய லீக்கில் அதிக கோல் அடித்த முதல் ஆப்பிரிக்கரும் ஆனார். யெகினியின் 37-ஐயும் நெருங்கிவந்தார். நாப்போலி பட்டத்தை உறுதி செய்த ஆட்டத்தில் சமன் செய்த கோல் ஒசிமென் அடித்தது. அந்த நாளும் மே 4. ஒசிமெனுக்கு 21 வயதிலேயே நாப்போலி வந்துவிட்டது. யெகினி அந்த வயதில் இபாடானுக்கும் அபெயோகுட்டாவுக்கும் இடையில் இருந்தார்.

நேரம் கிடைத்தால் பல்கேரியா கோலோடு நிறுத்திவிடாதீர்கள். 1994 ஆப்பிரிக்கக் கோப்பையின் காலிறுதியைத் தேடிப் பாருங்கள். ஜைர் டிஃபெண்டர்கள் அவரைத் தடுக்க எத்தனை பேர் ஓடிவருகிறார்கள் என்று கவனியுங்கள்.